அத்தியாயம் 9: சர்வீஸ் காசும் பல் டொக்டரும்

தோட்டத்தில் பேர் வெட்டி, ஈபிஎஃப் காசும் சர்வீஸ் காசும் கைக்கு வந்ததும் செலவுகள் வரிசையில் வந்து நிற்கும். மகள் வீட்டுக் கூரை, அடகில் கிடக்கும் நகை, பேரனின் கிளாஸ் காசு. வருசக்கணக்காக நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்ட பல்லும் அந்த வரிசையில் ஒன்று. கையில் காசு இருக்கும்போது வாயைத் திறந்தால், தேவையான வேலையோடு தேவையில்லாத வேலையும் சேர்ந்து வர வாய்ப்பு உண்டு.

இந்த அத்தியாயம் சொல்லும் ஒழுங்கு இது: உங்களுக்கு எதையும் விற்க வேண்டிய தேவை இல்லாத டொக்டரிடம் முதலில் வாயைக் காட்டுங்கள். அவர் சொன்னதை எழுதி வாங்குங்கள். மிச்ச வேலை இருந்தால் மட்டும் காசு வாங்கும் டொக்டரிடம் போங்கள். இந்த ஒழுங்கு தலைகீழானால்தான் பெரும்பாலான வீண் செலவு வருகிறது.

## வீட்டில் செய்யும் முதல் பார்வை

பகல் வெளிச்சத்தில், வாசலில் உட்கார்ந்து, ஒரு சின்னக் கண்ணாடியோடு செய்யுங்கள். வெற்றிலை போட்டிருந்தால் வாயை நன்றாகக் கொப்பளியுங்கள். பல் செட் இருந்தால் கழற்றி வையுங்கள்.

1. மேலே எத்தனை பல், கீழே எத்தனை பல் என்று எண்ணி ஒரு கொப்பியில் எழுதுங்கள். வேர் மட்டும் மிஞ்சியதைத் தனியாகக் குறியுங்கள்.
2. எந்தப் பல் ஆடுகிறது, எது நோகிறது, எந்த ஈறு வீங்கி வடிகிறது? நோவு இரவில் எழுப்புகிறதா, தேத்தண்ணி குடிக்கும்போது மட்டும் வருகிறதா? இதையும் எழுதுங்கள்.
3. இரண்டு கன்னத்தின் உட்புறம், நாக்கின் இரு ஓரம், நாக்குக்கு அடியில் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, தடித்த இடம், 2 கிழமைக்கு மேல் ஆறாத புண் இருக்கிறதா?
4. உங்கள் மூன்று விரலை நிமிர்த்தி ஒன்றன்மேல் ஒன்றாக முன்பற்களுக்கு நடுவே விட்டுப் பாருங்கள். நுழையவில்லை என்றால் வாய் இறுகத் தொடங்கியிருக்கலாம்.

மூன்றாவதிலோ நான்காவதிலோ ஏதாவது தெரிந்தால் இந்த அத்தியாயத்தின் மிச்சத்தைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் மென்றவர்களுக்கு இவை புற்றுநோயின் முன்னறிகுறியாக இருக்கலாம். புகையிலை சேர்க்காமல் மென்றாலும் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004இல் வகைப்படுத்தியிருக்கிறது. இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோயும் ஒன்று. கொழுந்து மலையில் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை போட்டுப் பழகிய பெண்களும் இதில் சேர்த்திதான். இந்தத் திட்டு ஆரம்பத்தில் நோகாது. நோகாததால்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள்.

## வாயில் எத்தனை பல் இருந்தால் போதும்?

பல் வைத்தியத்தின் தத்துவத்தில் இது ஒன்று மட்டும் தெரிந்தால் போதும். ஜப்பான் அரசு 1989இல் ‘80-20’ என்று ஒரு இயக்கம் தொடங்கியது: 80 வயதில் 20 சொந்தப் பல். முன்பற்களும் அடுத்துள்ள சின்னக் கடைவாய்ப் பற்களுமாக மேலே 10, கீழே 10 நன்றாக நின்று ஒன்றோடொன்று கடித்தால், பெரும்பாலானவர்கள் சோறும் ரொட்டியும் மென்று சாப்பிட்டுவிடலாம். பின்னால் விழுந்துபோன பெரிய கடைவாய்ப் பல்லின் இடம் வெறுமையாக இருப்பதே ஒரு வருத்தம் ஆகாது. அந்த இடத்தைக் கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று யாராவது சொன்னால், “நிரப்பாவிட்டால் எனக்கு என்ன ஆகும்?” என்று கேளுங்கள். நல்ல டொக்டருக்கு இந்தக் கேள்வி பிடிக்கும்.

## முதல் நிறுத்தம்: அரசாங்க ஆஸ்பத்திரி

பதுளை பெரியாஸ்பத்திரி, தியத்தலாவை, வெலிமடை, மஹியங்கனை ஆதார வைத்தியசாலைகள், மொனராகலை மாவட்டப் பொது வைத்தியசாலை ஆகியவற்றில் பல் பிரிவு இருக்கிறது. சிறிய பிரதேச வைத்தியசாலைகள் பலவற்றிலும் பல் டொக்டர் இருக்கிறார். பார்ப்பதற்கும், பல் கழற்றுவதற்கும், அடைப்பதற்கும் காசு கிடையாது. அதைவிடப் பெரிய லாபம், அங்கே இருப்பவருக்கு உங்கள் பல்லை அடைத்தாலும் விட்டாலும் சம்பளம் ஒன்றுதான்.

பசறை, மடுல்சீமை, லுணுகலைக்காரர்களுக்குப் பதுளை வசதி. ஹப்புத்தளை, தம்பேத்தன்ன, பூணாகலை, கொஸ்லந்தைப் பக்கத்தவர்களுக்குத் தியத்தலாவை கிட்ட. கிளம்புவதற்கு முன் இரண்டு விசயத்தைப் போனில் கேளுங்கள்: பல் டொக்டர் இன்று இருக்கிறாரா? நம்பர் எத்தனை மணி வரை கொடுப்பார்கள்? முதல் பஸ்ஸில் போனால்தான் நம்பர் நிச்சயம்.

பள்ளிக்கூடங்களில் இருக்கும் பல் சிகிச்சை நிலையம் பிள்ளைகளுக்கானது. அங்கே போய் நிற்காதீர்கள். தோட்டத்து டிஸ்பென்சரியில் நோவு மாத்திரை கிடைக்கும், பல் பார்க்க மாட்டார்கள்.

கையோடு கொண்டுபோக வேண்டியவை:

- கிளினிக் கொப்பி, அடையாள அட்டை
- தினமும் குடிக்கும் மாத்திரைகள் எல்லாம், உறையோடு. பெயர் தெரியாவிட்டாலும் டொக்டர் பார்த்துக்கொள்வார்
- சீனி வருத்தம் இருந்தால் கடைசி இரத்தப் பரிசோதனைத் துண்டு
- வீட்டில் எழுதிய அந்தக் கொப்பி
- சிங்களம் நன்றாகக் கதைக்கும் ஒருவர். “நோவு” என்று மட்டும் சொல்லிவிட்டு வாயைத் திறந்தால், எந்தப் பல் என்று டொக்டர் ஊகிக்க வேண்டிவரும்

டொக்டர் பார்த்து முடித்ததும் மூன்று கேள்வி கேளுங்கள். இப்போதே செய்ய வேண்டியது எது? ஆறு மாதம் பார்த்துக்கொண்டு இருக்கலாம் என்பது எது? செய்யவே தேவையில்லாதது எது? பதிலைக் கொப்பியில் பல் வாரியாக எழுதித் தரச் சொல்லுங்கள். கூட்டமான நாளில் சலித்துக்கொள்வார்கள். மரியாதையாகக் கேட்டால் இரண்டு வரி எழுதித் தருவார்கள். அந்த இரண்டு வரிதான் பிறகு உங்கள் காசைக் காப்பாற்றப்போகிறது.

கவனம்: “இங்கே சாமான் இல்லை, பின்னேரம் என் கிளினிக்குக்கு வாருங்கள்” என்று எங்காவது சொல்லப்பட்டால் கோபப்பட வேண்டாம். சாமான் உண்மையிலேயே இல்லாமல் இருக்கலாம். “வேறு எந்த அரசாங்க ஆஸ்பத்திரியில் இதைச் செய்வார்கள்? துண்டு எழுதித் தருவீர்களா, சேர்?” என்று கேளுங்கள். துண்டு கிடைத்தால் வழி கிடைத்தது.

## மாத்திரை விசயத்தில் மறைக்கக் கூடாதவை

இந்தப் பகுதியை அவசரமாகத் தாண்டாதீர்கள். வயதானவர்களின் பல் சிகிச்சையில் ஆபத்து பெரும்பாலும் பல்லில் இல்லை, மாத்திரை உறையில் இருக்கிறது.

- இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் மாத்திரை (ஆஸ்பிரின், குளோபிடோகிரல், வார்ஃபரின்): நீங்களாகவே நிறுத்தாதீர்கள். ஒரு பல் கழற்ற ஆஸ்பிரினைப் பொதுவாக நிறுத்துவதில்லை. வார்ஃபரின் குடிப்பவர்களுக்குப் பல் கழற்றுமுன் இரத்தப் பரிசோதனை வேண்டும்.
- எலும்புத் தேய்வுக்குக் கிழமைக்கு ஒன்று குடிக்கும் மாத்திரை (அலெண்ட்ரோனேட்): பல் கழற்றிய பிறகு தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து சிறிதளவு உண்டு. முன்கூட்டியே சொல்லுங்கள்.
- சீனி வருத்தம்: காலையில் வழக்கம்போலச் சாப்பிட்டு, மாத்திரையும் குடித்துவிட்டுப் போங்கள். வெறும் வயிற்றில் வரிசையில் நின்று மயங்கி விழுபவர்கள் உண்டு.
- பிரஷருக்கு அம்லோடிபின், நிஃபெடிபின்: சிலருக்கு இவற்றால் ஈறு தடித்து வளரும். ஈறை வெட்டுவதற்கு முன் மாத்திரையை மாற்ற முடியுமா என்று கிளினிக் டொக்டரைக் கேளுங்கள்.
- இருதய வால்வு மாற்றியவர்கள்: பல் கழற்றுவதற்கும் ஈறு சுத்தம் செய்வதற்கும் முன்பே கிருமிக்கொல்லி மருந்து தேவைப்படும்.
- சிறுநீரக வருத்தம்: கிராந்துருகோட்டை, மஹியங்கனைப் பக்கத்தில் இது அதிகம். டைக்ளோபினாக் போன்ற நோவு மாத்திரைகளைப் பாமசியில் கேட்டு வாங்கிப் போடாதீர்கள். பனடோல் போதும். அதிலும் 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு 8க்கு மேல் கூடாது. மெலிந்த உடம்புக்காரர்களும் ஈரல் வருத்தம் உள்ளவர்களும் எத்தனை என்று டொக்டரைக் கேட்டுக் குறைத்துப் போட வேண்டும்.

பல் நோவு வந்தவுடன் பழைய சீட்டைக் காட்டி அமொக்சிசிலின் வாங்குவது நம் பக்கத்தில் சாதாரணம். வீக்கம் வடியும், பல்லில் உள்ள காரணம் அங்கேயே இருக்கும், இரண்டு மாதத்தில் திரும்ப வரும். மெட்ரோனிடசோல் எழுதியிருந்தால் அது முடிந்து இரண்டு மூன்று நாள் ஆகும்வரை சாராயமோ கசிப்போ வேண்டாம். வார்ஃபரின் குடிப்பவர்கள் மெட்ரோனிடசோல் எழுதும்போது அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இரண்டும் சேர்ந்தால் இரத்தம் நிற்காமல் போகலாம்.

## தனியார் டொக்டரிடம் போகும்போது

அரசாங்கத்தில் கிடைக்காத வேலை, அல்லது காத்திருக்க முடியாத வேலை இருந்தால் பதுளை டவுனிலும் பண்டாரவளையிலும் தனியார் கிளினிக்குகள் உண்டு. போகும் ஒழுங்கு:

1. பெயரைப் பாருங்கள். பல் டொக்டர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். பேரப்பிள்ளையின் போனில் மருத்துவ சபையின் இணையதளத்தைத் திறந்து பெயரைத் தேடலாம். கிளினிக்கும் தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபையில் பதிவாகி இருக்க வேண்டும். 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அதைக் கேட்கிறது. சான்றிதழ் சுவரில் தொங்குகிறதா என்று பாருங்கள்.
2. முதல் நாள் பார்ப்பதற்கு மட்டும் போங்கள். சனல் காசும் பஸ் காசும் மட்டும் கையில் இருக்கட்டும். காசு கையில் இல்லாவிட்டால் அன்றே முடிவெடுக்க முடியாது. அதுதான் தேவை.
3. அரசாங்க டொக்டர் எழுதியதை முதலில் காட்டாதீர்கள். இவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவிட்டுப் பிறகு காட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகாவிட்டால் ஏன் என்று கேளுங்கள். நியாயமான காரணமும் இருக்கலாம், எக்ஸ்ரேயில் புதிதாக ஏதாவது தெரிந்திருக்கலாம்.
4. கண்ணால் பார்க்கக் கேளுங்கள். கண்ணாடியிலோ எக்ஸ்ரேயிலோ பழுதைக் காட்டச் சொல்லுங்கள்.
5. விலையை எழுதி வாங்குங்கள். எந்தப் பல், என்ன வேலை, எத்தனை தடவை வர வேண்டும், எக்ஸ்ரேயும் மருந்தும் சேர்த்தா, மொத்தம் எவ்வளவு.
6. வீட்டுக்குப் போய் யோசியுங்கள். வீக்கமும் காய்ச்சலும் இல்லாத பெரும்பாலான பல் வேலைகள் ஒரு கிழமை பொறுக்கும். “இன்றைக்கே செய்தால் குறைத்துத் தருகிறேன்” என்பது புடவைக் கடைப் பேச்சு.

விலையை அளக்க ஒரு வழி சொல்கிறேன். 1983ஆம் ஆண்டு பணிக்கொடை (சர்வீஸ் காசு) சட்டப்படி நாட்கூலிக்காரருக்குச் சேவை செய்த ஒவ்வொரு வருசத்துக்கும் 14 நாள் சம்பளம் கிடைக்கிறது. உங்கள் கடைசி நாட்கூலியை 14ஆல் பெருக்குங்கள். டொக்டர் சொன்ன தொகையை அதனால் வகுங்கள். நீங்கள் மலையில் நின்ற எத்தனை வருசத்தை அந்த ஒரு பல் கேட்கிறது என்று தெரிந்துவிடும். சில பல்லுக்கு அது தகும். பல பல்லுக்குத் தகாது.

## அடிக்கடி சொல்லப்படும், அதிகம் தேவைப்படாத வேலைகள்

கறுத்த பழைய அடைப்பை மாற்றுவது. உலோக அடைப்பு கறுப்பாகத்தான் இருக்கும். உடையாமல், ஓரத்தில் சொத்தை இல்லாமல் இருந்தால் விட்டுவிடுங்கள். தோண்டி எடுக்கும்போது நல்ல பல்லும் சேர்ந்து போகும்.

நோகாத ஞானப் பல்லைக் கழற்றுவது. 65 வயதுவரை தொந்தரவு செய்யாமல் எலும்புக்குள் படுத்திருக்கும் பல்லை, எக்ஸ்ரேயில் பழுது தெரியாதவரை எழுப்ப வேண்டாம்.

வேர் சிகிச்சையும் உறையும். நரம்பு எடுத்த கடைவாய்ப் பல்லுக்கு உறை போடுவது பெரும்பாலும் நியாயமானது, இல்லாவிட்டால் பிளந்துவிடும். ஆனால் பின்கோடியில் உள்ள ஒற்றைப் பல்லுக்கு எதிரே கடிக்க வேறு பல்லே இல்லை என்றால், அதற்கு வேர் சிகிச்சையும் உறையும் செய்து என்ன பயன்? கழற்றிவிடுவதும் நேர்மையான வைத்தியம்தான். முன்பல்லுக்கு எல்லா நேரமும் உறை தேவைப்படாது.

இம்பிளாண்ட். நல்ல தொழில்நுட்பம், பொய் இல்லை. காசும் ஆரோக்கியமும் உள்ளவருக்குப் பொருந்தும். சீனி கட்டுக்குள் இல்லாதவர்கள், சுருட்டு பீடி விடாதவர்கள், கடன் வாங்கித்தான் செய்ய முடியும் என்பவர்கள் இரண்டாவது டொக்டர் ஒருவரைக் கேட்காமல் தலையாட்டாதீர்கள்.

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு முழு செட். இதைப் பற்றி அடுத்த பகுதியில்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. ஈறு சுத்தம் செய்தால் பல் ஆடும், மேல்பல்லைக் கழற்றினால் கண் போகும் என்று லயத்தில் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இரண்டும் உண்மை இல்லை. பல்லில் இறுகிப் படிந்த காறை சுற்றிச் சுவர்போல நின்றதால் ஆட்டம் தெரியாமல் இருந்திருக்கும். காறை போனதும் ஈறு ஏற்கெனவே இறங்கியது தெரியவருகிறது, அவ்வளவுதான். சுத்தம் செய்வது மலிவான, பயனுள்ள வேலை. அதைத் தேவையில்லாத செலவு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

## பல் செட் கட்டுவது

ஓய்வுபெற்றவர்கள் அதிகம் செலவழித்து, அதிகம் ஏமாறுவது இங்கேதான்.

முதலில், நிற்கக்கூடிய பல்லை நிற்க விடுங்கள். குறிப்பாகக் கீழ்த்தாடையில் இரண்டு கோரைப்பல்லாவது மிஞ்சினால், அல்லது அவற்றின் வேராவது நலமாக இருந்தால், செட் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும், எலும்பு கரைவதும் குறையும். எல்லாப் பல்லும் போன கீழ்த்தாடையில் செட் ஆடுவது இயல்பு. அதை எந்தக் கைராசிக்காரராலும் முழுதாகத் தீர்க்க முடியாது.

பதிவில்லாமல் வீட்டிலோ சந்தை நாளிலோ பல் கட்டித் தருபவர்களிடம் போகாதீர்கள். விலை குறைவு, ஒரே நாளில் முடியும். கழற்ற முடியாதபடி பக்கத்துப் பல்லோடு கம்பியும் பிளாஸ்டிக்கும் வைத்து ஒட்டிவிடுவார்கள். அடியில் சோறு தங்கும், ஈறு அழுகும், ஒரு பல்லுக்காகப் போய் மூன்று பல்லை இழப்பீர்கள். ஒழுங்கான பகுதி செட்டை நீங்களே கழற்றி மாட்ட முடியும்.

சரியான முழு செட்டின் படிகள்:

1. பல் கழற்றிய பிறகு ஈறு ஆற இரண்டு மூன்று மாதம் விடுவது நல்லது. உடனே செட் வேண்டும் என்றால் கட்டலாம். ஆனால் எலும்பு சுருங்கியதும் அடிப்பக்கத்தை மறுபடி நிரப்ப வேண்டும். அந்தச் செலவையும் முதலிலேயே கேளுங்கள்.
2. அச்சு எடுப்பார்கள், பெரும்பாலும் இரண்டு தடவை.
3. கடி உயரம் அளப்பார்கள்.
4. மெழுகில் பல் பதித்து மாட்டிக் காட்டுவார்கள். இந்த நாளில் அவசரப்படாதீர்கள். மகளையோ மருமகளையோ கூட்டிப்போங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் கண்ணாடி பாருங்கள். பேசிப் பாருங்கள், சிரித்துப் பாருங்கள். பல் பெரிது, முன்னால் தள்ளுகிறது, நிறம் பொருந்தவில்லை என்றால் இப்போதே சொல்ல வேண்டும். இதற்குப் பிறகு மாற்றுவது கடினம்.
5. முடிந்த செட்டை மாட்டுவார்கள். முதல் சில கிழமைகளில் புண் வரும், தேய்த்துச் சரிசெய்ய இரண்டு மூன்று தடவை போக வேண்டும். அதற்குத் தனிக் காசா என்று தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். மொத்தக் காசையும் முதல் நாளே கொடுக்காதீர்கள், கடைசிப் பங்கைச் செட் மாட்டிய பிறகு கொடுங்கள்.

பேராதனை பல் வைத்தியசாலையில் பல்கலைக்கழக மாணவர்கள் விரிவுரையாளர்களின் மேற்பார்வையில் செய்கிறார்கள். வேலை கவனமாக இருக்கும், நேரம் எடுக்கும். பதுளையிலிருந்து கண்டிக்கு ஐந்தாறு தடவை, துணைக்கு ஒருவரோடு போய்வரும் பஸ் காசைக் கணக்குப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். கண்டியில் தங்குவதற்குச் சொந்தக்காரர் இருந்தால் லாபம், இல்லாவிட்டால் பண்டாரவளையே மலிவாக முடியலாம்.

குறிப்பு: இரவில் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். சவர்க்காரமும் மென்மையான பிரஷும் போதும். கொதிநீர் பட்டால் வளைந்துவிடும்.

## பல் கழற்றும் நாள்

காலையில் கழற்றுங்கள். பின்னேரம் கழற்றிவிட்டுக் கடைசி பஸ்ஸில் மடுல்சீமை ஏறினால், இரவு இரத்தம் கசியும்போது திரும்பி வர வழி இருக்காது. பஞ்சை அரை மணி நேரம் அழுத்திக் கடித்திருங்கள். 24 மணி நேரம் கொப்பளிக்கவோ துப்பிக்கொண்டே இருக்கவோ வேண்டாம். மறுநாளிலிருந்து இளஞ்சூட்டில் உப்புத் தண்ணீர். புண் ஆறும்வரை வெற்றிலையும் பீடியும் வேண்டாம். மறுபடி இரத்தம் வந்தால் சுத்தமான துணியை நனைத்து மடித்து, அந்த இடத்தில் வைத்து 20 நிமிடம் கடியுங்கள். நிற்காவிட்டால் ஆஸ்பத்திரி.

தாடைக்கு அடியில் கழுத்துவரை வீக்கம், எச்சில் விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல், காய்ச்சலோடு வாய் திறக்க முடியாமை: இவற்றில் ஒன்று வந்தாலும் விடியும்வரை காத்திருக்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். தோட்டத்துப் பாதை மோசமாக இருந்தால் அம்புலன்ஸ் ஏறக்கூடிய இடம்வரை ஆட்டோவில் வந்து நில்லுங்கள்.

## தவறு நடந்துவிட்டால்

முதலில் வேலை செய்த டொக்டரிடமே போய்ச் சொல்லுங்கள். கடிக்காத செட்டும் உயர்ந்து நிற்கும் அடைப்பும் பெரும்பாலும் அங்கேயே சரியாகிவிடும். சரிசெய்ய மறுத்தால், அரசாங்க ஆஸ்பத்திரியில் வாயைக் காட்டி, இப்போதைய நிலையைக் கொப்பியில் எழுதி வாங்குங்கள். கிளினிக் பற்றிய முறைப்பாடு தனியார் சுகாதார சேவைகள் ஒழுங்குபடுத்தும் சபைக்கும், டொக்டரின் நடத்தை பற்றியது இலங்கை மருத்துவ சபைக்கும் போக வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி விசயம் என்றால் அதன் பணிப்பாளருக்கு எழுதுங்கள். பதிவில்லாமல் பல் பார்ப்பவர் என்றால் பதுளை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கு அறிவியுங்கள்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். தேதி, பல், கொடுத்த காசு, நடந்தது, கேட்பது என்ன என்று ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். பற்றுச்சீட்டு, விலை எழுதிய துண்டு, கொப்பியின் பக்கம் ஆகியவற்றின் பிரதியை இணையுங்கள், மூலத்தை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் கந்தோர் தரும் துண்டை அதே கொப்பியில் ஒட்டி வையுங்கள்.